வராந்தாவுக்கு விழுந்த ஓட்டு

டீச்சருக்குச் சிறப்பு மலர் போடுகிறோம், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக் கேட்டு உங்களுக்கே அலுத்துப்போயிருக்கும். நான் பதில் போடாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. நீங்கள் அனுப்பியதையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் காலத்திலேயே நமக்கு ஜனநாயகம் கற்றுக்கொடுத்த டீச்சர் என்று ஒருவர் எழுதியிருந்தார். பிரம்பையே ஓட்டுப் போட்டுத் தோற்கடித்த வகுப்பு என்று இன்னொருவர். எல்லாம் உண்மைதான், ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் என் அக்காவைப் பற்றி யாருமே எழுதவில்லை. மறந்துவிட்டீர்களா, ஞாபகம் இருந்தும் விட்டுவிட்டீர்களா, தெரியாது. நமக்கெல்லாம் வயதாகிவிட்டது, காலையில் சர்க்கரை மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோகிறது. அதனால் நானே எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். வேண்டுமானால் அதற்கும் ஓட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகள் யாராவது படித்தால் புரியவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் முன்கதை. ஆம்பூருக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டி, இரண்டு ஷாப்புகளுக்கு நடுவில் இருந்தது பள்ளிக்கூடம். தோல் பதனிடும் இடத்தை நம் ஊரில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடத்துக்குச் சீமை ஓடு, முன்னால் ஒரு நீள வராந்தா, வராந்தாவின் ஓரத்தில் மழைத் தண்ணீர் ஒழுகி ஒழுகிப் பள்ளம் விழுந்த சிமெண்டு. நானும் அக்காவும் நாலாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தோம். அவள் என்னைவிடப் பெரியவள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. என்னைச் சேர்த்தபோதுதான் அவளையும் சேர்த்தார்கள். எங்கள் நைனாவுக்கு, ரோமம் போகத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை. அம்மாவுக்கு அதே ஷாப்பில் உப்பு உதறும் வேலை.

டீச்சர் அந்த வருஷம்தான் வந்தார். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், முதல் வேலை. வந்த அன்று கைக்குட்டையில் நீலகிரித் தைலத்தை விட்டு மூக்கில் வைத்துக்கொண்டே பாடம் நடத்தினார். "இந்த ஊர்ல எப்படித்தான் இருக்கீங்களோ பிள்ளைகளா" என்றார். எதைச் சொல்கிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. ரயில் சத்தத்தைச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன்.

அவருக்கு நம் ஊர் முழுக்க ஒரே நாற்றம். நமக்கு அப்படியா இருந்தது? பட்டைத் தண்ணீரில் தோல் ஊறும் தொட்டிப் பக்கம் போனால் ஒரு புளித்த இனிப்பு வாசனை. சுண்ணாம்புக் குழியிலிருந்து வருகிறவர்களிடம் மூக்கைக் குத்தும் ஒரு காரம். பினிஷிங் வேலை செய்கிறவர்கள் மேல் புதுச் சாயமும் பாலிஷும் கலந்து மணக்கும்; அது கௌரவமான வாசனை, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார எங்களுக்குள் போட்டி. எல்லாவற்றுக்கும் கீழே பச்சைத்தோல். லாரியில் உப்போடு வந்து இறங்கும் ஆட்டுத்தோலின் நாற்றம். கண்ணைக் கட்டிவிட்டாலும் பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று நாம் சொல்லிவிடுவோம். இதில் எது மேல், எது கீழ் என்று யாரும் நமக்குப் பாடம் நடத்தவில்லை. ஆனால் பாலகர் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டீச்சருக்குத்தான் தெரியாது. கடைசிவரை தெரியவே இல்லை. எல்லாம் அதில் வந்த வினைதான் என்று இப்போது தோன்றுகிறது.

எமர்ஜென்சி முடிந்து தேர்தல் வந்துபோன சமயம் அது. டீச்சரின் அண்ணன் எமர்ஜென்சியில் சிறைக்குப் போய் வந்தவர். "ஒரே ஆளு எல்லாருக்கும் சேர்த்து முடிவு எடுத்தா என்ன ஆகும்னு எங்க வீட்டுல பார்த்துட்டோம்" என்று அவர் ஒருநாள் சொன்னார். நமக்கு அது புரியவில்லை. அதற்கு அடுத்த வாரம் சந்தையிலிருந்து இரண்டு மண்சட்டி வாங்கிவந்தார். ஒன்றுக்குச் சுண்ணாம்பு பூசினார், இன்னொன்றுக்குச் செம்மண் பூசினார். வெள்ளைச் சட்டி என்றால் வேண்டும், சிவப்புச் சட்டி என்றால் வேண்டாம். கரும்பலகையை ஸ்டாண்டோடு திருப்பிவைத்து, அதற்குப் பின்னால் சட்டிகளை வைத்தார். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. யார் எதில் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் புளியங்கொட்டையின் வழவழப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

முதல் ஓட்டு, கணக்குப் பாடத்தைக் காலையில் வைக்கலாமா என்று. நாம் கணக்கே வேண்டாம் என்று கத்தியது நினைவிருக்கிறதா? "கேட்டதுக்குப் பதில் சொல்லணும் பிள்ளைகளா, கேக்காததுக்கு இல்ல" என்று சிரித்தார். பிறகுதான் பிரம்பு. ஹெட்மாஸ்டர் வகுப்புக்கு ஒரு பிரம்பு கொடுத்திருந்தார். அதை மேசைமேல் வைத்து, இது நம் வகுப்புக்கு வேண்டுமா என்று கேட்டார். சிவப்புச் சட்டி நிரம்பியது. பிரம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தார். நாம் எல்லோரும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தோம்.

"இதுங்க கைல குடுத்தீங்கன்னா நாளைக்கு உங்களையே வேணாம்னு போடுவாங்கம்மா" என்றார் ஹெட்மாஸ்டர்.

"போடட்டும் சார். அப்படிப் போட்டா நான் போறேன்" என்றார் டீச்சர்.

அன்றைக்கு நாம் அவர்மேல் உயிரையே வைத்துவிட்டோம். அதை நான் மறுக்கவில்லை. இன்றைக்கும் அந்தக் காட்சியை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது, அப்புறம் கோபம் வருகிறது.

ஓட்டுக்குச் சட்டதிட்டமும் போட்டார். தனக்கு எது நல்லது என்று பார்க்கக் கூடாது, வகுப்புக்கு எது நல்லது என்று பார்க்கவேண்டும். விஷயத்தைப் பேசவேண்டும், ஆளைப் பேசக் கூடாது. யார் பெயரையும் சொல்லவே கூடாது. முடிவு எடுத்தால் எடுத்ததுதான், டீச்சர் உள்பட யாரும் மாற்றக் கூடாது. இதையெல்லாம் நாம் தினமும் காலையில் சேர்ந்து சொல்வோம். என் அக்கா மற்ற எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வாள்.

அவளுக்கு அந்தச் சட்டிகள்மேல் ஒரு பைத்தியமே இருந்தது. பள்ளி விழாவுக்கு நாடகம் போட்டபோது, திக்குவாய்ப் பையன் ஒருவனைச் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. பெயர் சொல்லக் கூடாது இல்லையா, அதனால் 'பேச வராதவங்க' என்று சொன்னோம். வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் எண்ணம். அக்கா எழுந்தாள். "பேச வராதவங்கள ராஜாவா போட்லாம் டீச்சர். ராஜா எங்க பேசறாரு, சும்மா ஒக்காந்துனு இருக்காரு. மந்திரிதான பேசறாரு" என்றாள். வகுப்பே சிரித்தது. கொட்டையெல்லாம் வெள்ளைச் சட்டியில் விழுந்தது. அந்தப் பையன் ராஜாவாக வந்து அட்டைக் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தான். டீச்சர் அக்காவின் தலையைத் தடவி, "பார்த்தீங்களா பிள்ளைகளா, ஒரு ஆளு எழுந்து பேசினா என்ன நடக்குன்னு" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நைனாவிடம், "எங்க கிளாஸ்ல நாங்கதான் முடிவு பண்றோம் நைனா" என்றாள். நைனா சுண்ணாம்பில் வெந்த கையைத் தேங்காய் எண்ணெயால் நீவிக்கொண்டிருந்தார். "அப்டியா? அப்ப எங்க மேஸ்திரிய மாத்திக் குடேன், ரொம்ப பேஜார் பண்றான்" என்றார். அம்மா சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் நிஜமாகவே அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

அவளுக்கு டீச்சராகவேண்டும். அஞ்சாவது முடித்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று நைனாவிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். நைனா முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "ஒழுங்கா போய்னு இரு. பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு பிராது வரக்கூடாது. அப்புறம் பாக்கலாம்" என்றார். வயதுக்கு வரப்போகும் பெண், கூலிக்கு அனுப்பினால் வீட்டுக்கு ஆகும் என்று உறவுக்காரர்கள் வேறு அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தார்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் இருப்பாளா இல்லையா என்பது அந்த ஒரு வார்த்தையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. அம்மாவின் கை முழுக்க உப்புப் புண். விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சோறு பிசையக்கூட முடியவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் அந்த இடத்தில் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார். கை ஆறும்வரை அம்மாவுக்குப் பதிலாக அக்கா போனாள். விடிவதற்குள் போய் உப்பு உதறிவிட்டு அப்படியே பள்ளிக்கு வருவாள். மடித்து வைத்த தோலைப் பிரித்து, மரச்சட்டத்தில் அடித்து உதறவேண்டும். ரத்தம் கலந்த பழுப்பு உப்பு பறந்துவந்து தலைமுடியில், காதில், கழுத்துச் சந்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஷாப்புக் குழாயில் கழுவிக்கொண்டு வருவாள். இருந்த ஒரு சோடி யூனிபாரமும் மழையில் காயாது. அடுப்புமேல் பிடித்து அரை ஈரத்தோடு போட்டுக்கொள்வாள். ஈரத்துணியில் பச்சைத்தோல் நாற்றம் ஏறினால் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நானும் வருகிறேன் என்று ஒருநாள் கேட்டேன். "ஒரு ஆள் நாறினா போதும், நீ தூங்கு" என்றாள். என்மேல் நாற்றம் இல்லாததற்கு அது ஒன்றுதான் காரணம்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். யார் வேண்டுமானாலும் எழுந்து ஒரு விஷயத்தைச் சொல்லலாம் என்று டீச்சர் வைத்திருந்த நேரம். பினிஷிங் மேஸ்திரியின் மகள் எழுந்தாள். இன்றைக்கு மலருக்கு ஆசிரியராக இருப்பதும் நீதானே அம்மா, கோபித்துக்கொள்ளாமல் படி. நீ கெட்ட பெண் இல்லை. உனக்கு நிஜமாகவே குமட்டியது, மத்தியானம் சோறு இறங்காமல் பெட்டியை மூடி வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"டீச்சர், ஒரு விஷயம். பேர் சொல்ல மாட்டேன்" என்றாய்.

"சபாஷ். சொல்லு" என்றார் டீச்சர்.

"கிளாஸ்ல பச்சத்தோல் நாத்தம் வருது டீச்சர். கொமட்டுது. சாப்புட முடில."

டீச்சரின் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? கைக்குட்டையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு வந்த நாள்ல இருந்து வருது. உங்களுக்கும் வருதா? நான்தான் பாவி, எனக்கு மட்டும்தான் வருதுன்னு நினைச்சேன்" என்றார். வகுப்பு சிரித்தது. தன் மூக்கும் எங்கள் மூக்கும் ஒன்றாகிவிட்டது என்று அவர் நினைத்துவிட்டார். ஊர் நாற்றத்தைப் பற்றிப் பிள்ளைகள் பேசுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள் என்று அவருக்குச் சந்தோஷம். நாமோ ஒரே ஒருத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பெயர் சொல்லக் கூடாது என்ற சட்டம் அன்று யாரைக் காப்பாற்றியது என்று யோசித்துப் பாருங்கள்.

"அந்த நாத்தத்தோட வர்றவங்க, நாத்தம் போற வரைக்கும் வராந்தாவுல ஒக்காரணும் டீச்சர்" என்றாய் நீ.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "குளிச்சிட்டு வந்தா உள்ள வந்துரலாம்லா?"

"வர்லாம் டீச்சர்."

"அப்போ இது சுத்தத்தைப் பத்தின விஷயம். நல்ல விஷயம்தான். மறுத்துப் பேச யாரும் இருக்கீங்களா?"

அக்காவை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தோம். தரையில் யாரோ சிந்திய மைக்கறை ஒன்று இருந்தது, அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழவில்லை. யார் பெயரையும் சொல்லக் கூடாது என்றால் தன் பெயரைத் தானே சொல்லலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. நான் எழப்போனேன். பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

ஒவ்வொருவராகக் கரும்பலகைக்குப் பின்னால் போய் வந்தோம். டீச்சர் சட்டிகளை எடுத்துவந்து மேசையில் கவிழ்த்தார். சிவப்புச் சட்டியிலிருந்து ஒரே ஒரு கொட்டை உருண்டு வந்தது. "ஒரே ஒரு ஆளைத் தவிர எல்லாரும் ஒண்ணா நினைச்சிருக்கீங்க. இதுவரைக்கும் நம்ம வகுப்புல இப்படி நடந்ததே இல்ல" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

அந்த ஒரு கொட்டை என்னுடையது.

நானும் அக்காவும் வீட்டுக்கு நடந்தோம். ரயில் பாதை ஓரத்தில் மழைத் தண்ணீர் ஷாப்புக் கழிவோடு கலந்து நுரைத்து ஓடியது. அதைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது கேட்டேன்.

"நீ எதுல போட்ட?"

"வெள்ளையில."

"ஏன்?"

"டீச்சர் சொல்லிக்கிறாங்க இல்ல, நமக்குன்னு பாக்கக் கூடாதுன்னு. அவங்களுக்கு சாப்புட முடிலயே. இன்னா பண்றது?" சற்று தூரம் நடந்து, "குளிச்சிட்டுப் போனா பூடும்" என்றாள்.

நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ சாவைப் பார்த்தாகிவிட்டது. ஆனால் ஒரு குழந்தை கரும்பலகைக்குப் பின்னால் தனியாக நின்று, யாரும் பார்க்காத இடத்தில், தன்னை வெளியே அனுப்பத் தானே ஓட்டுப் போட்டதை என்னால் இன்றுவரை தாங்கிக்கொள்ள முடியவில்லை. அங்கே யார் அவளைக் கட்டாயப்படுத்தினார்கள்? அவள் விரும்பினால் சிவப்பில் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை அவள் உள்ளே வரவே இல்லை. பையை வராந்தாவில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் வெளியே போய்ப் பார்த்தார்.

"நீ எதுக்கும்மா இங்க இருக்க?"

"நாந்தான் டீச்சர்."

"எது நீதான்?"

"நாத்தம்."

டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. குனிந்து அவள் தலையை முகர்ந்து பார்த்தார். எங்களையும் முகர்ந்து பார்த்தார். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலியே" என்றார். அவர் மூக்குக்கு நாங்கள் எல்லோரும் ஒன்றுதான். "வருது டீச்சர், நல்லா வருது" என்று நாம் சொன்னோம். வாசற்படியில் ஒரு காலும் வராந்தாவில் ஒரு காலுமாக அவர் நின்றார். போதும், எழுந்து உள்ளே வா என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் அக்காவின் ஆயுசே வேறு மாதிரி ஆகியிருக்கும். முடிவு எடுத்தால் எடுத்ததுதான், என்னையும் சேர்த்து என்று தினமும் சொன்னவர். பக்கத்து அறையில் ஹெட்மாஸ்டர் வேறு உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு நல்லா குளிச்சிட்டு வா தாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

அவள் குளிக்காத குளியலா? சீயக்காய் தேய்த்தாள், துணி சோப்புத் தேய்த்தாள், எலுமிச்சைத் தோலை முடியில் வைத்துக் கசக்கினாள், வேப்பிலையைக் கொதிக்கவைத்து ஊற்றிக்கொண்டாள். பச்சைத்தோல் நாற்றம் ஒரு குளியலில் போகாது, மறுநாள் விடிந்தால் மறுபடியும் அதே உப்பு. முடியில்தான் தங்குகிறது என்று அம்மாவிடம் சொல்லி முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். இடுப்பு வரைக்கும் இருந்த முடி. வெட்டிப் போட்டதை அம்மா சுருட்டிக் குப்பையில் போடாமல் கூரைச் செருகலில் வைத்தாள். அது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

தினமும் காலையில் டீச்சர் வாசலில் அவளை நிறுத்தி, "இன்னைக்கு உள்ள வரலாமா பிள்ளைகளா?" என்று கேட்பார். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். நாம் இரக்கப்பட்டுச் சரி என்று சொல்லிவிடுவோம் என்று ஒவ்வொரு நாளும் நம்பினார். முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்துபோய் அவளைச் சுற்றி நின்று முகர்ந்து பார்ப்பார்கள். அவள் கையை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்பாள். "வருது டீச்சர்" என்பார்கள். அவள் போய் உட்கார்ந்துகொள்வாள். எங்கள் காலனிப் பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள். சுண்ணாம்புக் குழி வேலைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் எல்லோரையும்விடச் சீக்கிரம் சொன்னார்கள். தங்கள்மேல் பேச்சு திரும்பிவிடக் கூடாதே என்ற பயம். வராந்தாவில் சாரல் அடிக்கும். அவள் ஜன்னல் கம்பி வழியாகக் கரும்பலகையைப் பார்த்து எழுதுவாள். சிலேட்டில் தண்ணீர் தெறித்து எழுத்து கரைந்துபோகும். துடைத்துவிட்டு மறுபடி எழுதுவாள்.

ஒருநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. ஷாப்பிலேயே இருந்துவிட்டாள். அங்கே யாரும் அவளை முகர்ந்து பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே. ஒரு முழு ஆள் கிடைத்ததென்று மேஸ்திரிக்குச் சந்தோஷம்.

டீச்சர் அவளைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார். காலனிக்குள் அவர் வந்தது அதுதான் முதல்முறை. கைக்குட்டை கையில் இருந்தது, மூக்கில் வைக்கவில்லை. நைனா எழுந்து நின்று, இருந்த ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க" என்றார் டீச்சர்.

"நான் எங்க நிறுத்தினேன் டீச்சரம்மா? பசங்க எல்லாம் சேந்து வேணாம்னு சொல்ட்டாங்களாமே. மேஸ்திரி சொன்னா போய்ச் சண்ட போடலாம். பெரிய மன்ஷன் எவனாச்சும் சொன்னா நாலு பேர வெச்சிக் கேக்கலாம். பசங்க சொன்னா யார்கிட்ட போய்க் கேக்கறது?"

டீச்சர் அழுதுவிட்டார். பெரியவர்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து அழுது நான் பார்த்ததில்லை. அக்கா உள்ளேயிருந்து வந்து அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார்.

"நாளைக்கு மறுபடியும் ஓட்டு வைக்கேன்மா. நான் பேசுறேன் அவங்ககிட்ட. இந்தத் தடவ நீ ஜெயிச்சிருவ."

அக்கா கேட்டாள். "தோத்துட்டா டீச்சர்?"

"தோக்க மாட்ட."

"ஜெயிச்சா, அப்புறம் யார்னா மறுபடியும் எழுந்து கேட்டா?"

டீச்சர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கு வா" என்று மட்டும் சொன்னார். ஓட்டே வேண்டாம், இது ஓட்டுப் போடுகிற விஷயமே இல்லை, நான் வைத்ததே தப்பு என்று அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. சட்டியால் உடைந்ததைச் சட்டியாலேயே ஒட்டப் பார்த்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அக்கா ஷாப்பிலேயே கிடந்தாள். கல்யாணம் ஆன பிறகும், பிள்ளைகள் பிறந்த பிறகும் அதே வேலை. அவள் கூலியில்தான் நான் பெரிய பள்ளிக்கூடம் போனேன், வேலூரில் நர்ஸிங் படித்தேன். கடைசியில் நெஞ்சு சளி கட்டி, நான் வேலை பார்த்த வார்டிலேயே படுத்திருந்து போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. ஆனால் தேர்தல் அன்று கட்சிக்காரர்கள் ஆட்டோ கொண்டுவந்து வாசலில் நின்று கூப்பிட்டாலும் போகமாட்டாள். "வேல இருக்குது, போங்க" என்பாள். இதையெல்லாம் மலரில் எந்தப் பக்கத்தில் போடுவீர்கள்?

அந்த இரண்டாவது ஓட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டீச்சர் நம்மிடம் எப்படிப் பேசினார்! குரல் உடைந்து உடைந்து பேசினார். பாதிப் பேர் அழுதோம். நீயும் அழுதாய் மேஸ்திரி மகளே, நான் பார்த்தேன். சட்டியைக் கவிழ்த்தபோது சிவப்பிலிருந்து ஒன்றுகூட விழவில்லை. எல்லோரும் கை தட்டினோம். "போ, ஓடிப்போய் அவளைக் கூட்டிட்டு வா" என்று டீச்சர் என்னை அனுப்பினார்.

நான் ஒரே ஓட்டமாக ஷாப்புக்கு ஓடினேன். வாட்ச்மேன் தெரிந்தவர், விட்டுவிட்டார். கொட்டகைக்குள் பெண்களோடு பெண்ணாக நின்று அக்கா தோலை அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணிமையெல்லாம் உப்பு.

"அக்கா, ஜெயிச்சிட்ட. எல்லாரும் ஒனக்குத்தான் போட்டாங்க."

அவள் கை நின்றது. "எல்லாருமா?"

"எல்லாரும். ஒண்ணுகூட செவப்புல இல்ல. டீச்சர் கூட்டினு வரச் சொன்னாங்க."

தோலைச் சட்டத்தின்மேல் போட்டுவிட்டு, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"போன வாட்டியும் எல்லாருந்தான போட்டாங்க" என்றாள். "நீ போ. மழ வருது, பாவாட நனஞ்சிடும்."

அடுத்த தோலைப் பிரித்தாள்.

நான் திரும்பி நடந்தேன். டீச்சர் பள்ளிக்கூடத்து வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஜன்னல் முழுக்க நம் முகங்கள். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று அவர் எட்டிப் பார்த்தார்.

"வரலியா?"

"வரமாட்டாளாம் டீச்சர்."

"ஜெயிச்சதைச் சொன்னியா?" என்று கேட்டார்.

"சொன்னேன் டீச்சர்" என்றேன்.